காட்டில் எத்தனை மரம், அதில் எத்தனை வெட்டலாம்: மரக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில், ஈப்போ சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரக்கடை இருக்கிறது. கடையில் உட்காருவதற்கு முன்பு ஒன்பது வருடம் காட்டில் மரம் எண்ணும் குழுக்களில் ஒப்பந்த ஆளாக இருந்தேன். பகாங், பேராக், கிளந்தான் என்று பல காடுகளில் நடந்திருக்கிறேன். மரம் நிற்கும் இடமும் தெரியும், பலகையாக வந்து சேரும் இடமும் தெரியும் என்பதால் எல்லோருடைய சந்தேகமும் என்னிடம் வருகிறது. கதவுச் சட்டம் வாங்க வரும் தச்சர், கோயில் கமிட்டிக்காரர், பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கும் அம்மா, பினாங்கிலிருந்து வரும் மச்சான், எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கடை அவசரத்தில் பாதி பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ராத்திரி அதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

காட்டுல இருக்குற மரத்தைப் போய் எண்ணுறீங்களா? அது நடக்குற காரியமா அண்ணே?

ஒவ்வொரு மரத்தையும் எண்ணுவதில்லை. தீபகற்ப மலேசியாவில் மட்டுமே சுமார் 5.7 மில்லியன் ஹெக்டர் காடு இருக்கிறது. ஆயுள் முழுக்க நடந்தாலும் அத்தனையும் எண்ண முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே வழிதான்.

ஆனால் காடு ஒரே பானை இல்லை. அதனால் முதலில் வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து வகை பிரிப்பார்கள்: கை படாத அடர்ந்த காடு, நடுத்தரக் காடு, மரம் குறைந்த காடு, பத்து வருடத்துக்கு முன் வெட்டியது, இருபது வருடத்துக்கு முன் வெட்டியது என்று. பிறகு ஒவ்வொரு பானையிலும் சில பருக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். அளந்து பார்க்கும் அந்தச் சிறு நிலத் துண்டை நாங்கள் பிளாட் என்போம். பிளாட்டில் கிடைத்ததை அந்த வகைக் காட்டின் பரப்பளவோடு சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் வரும். கூடவே, இந்த மொத்தத்தில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதும் வரும். அந்தப் பிழை அளவைச் சொல்லாத எந்தக் காட்டுக் கணக்கையும் நான் முழுதாக நம்புவதில்லை.

எப்போதிலிருந்து எண்ணுறாங்க? வெள்ளைக்காரன் காலத்துலயே உண்டா?

மரத்தை எண்ணிவிட்டு வெட்டுவது பழைய பழக்கம். 1850-களில் பர்மாவின் பெகு காடுகளில் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன அதிகாரி, தேக்குகளை நான்கு அளவுகளாகப் பிரித்து, கையில் வைத்திருந்த குச்சிகளில் கத்தியால் வெட்டுக் குறி போட்டபடியே எண்ணிக்கொண்டு போனார். ஒரு நாடு முழுவதையும் முறையாக எண்ணும் வேலையை முதலில் தொடங்கியது நார்வே, 1919-ல். பின்லாந்து 1921-ல், சுவீடன் 1923-ல் தொடங்கின. இந்தியாவில் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1981-ல் உருவானது.

இங்கே தீபகற்பத்தில் முதல் தேசிய வனக் கணக்கெடுப்பு 1970 முதல் 1972 வரை நடந்தது. ஐநாவின் உணவு, விவசாய அமைப்பு அதற்கு உதவியது. அதிலிருந்து ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒரு முறை: 1981-82, 1991-93, 2002-04, அப்புறம் 2010-களின் தொடக்கத்தில் ஐந்தாவது. நான் சேர்ந்தது நான்காவதில்.

உள்ள போயி என்னதான் அளப்பீங்க?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பிளாட்டின் இடத்தைத் திசைகாட்டியும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடத்தில் அது ஒரு புள்ளி. நேரில் அது பள்ளத்தாக்கின் அடியிலோ பாறைச் சரிவிலோ இருக்கும். இங்கே கஷ்டம், பக்கத்தில் சமமான இடத்தில் அளந்துவிடலாம் என்று ஒருவர் தொடங்கினால் அன்றோடு கணக்கு கெட்டது. நடக்க வசதியான இடத்தில் மட்டும் அளந்தால், வசதியான காட்டின் கணக்குதான் வரும்.

மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்போம். மார்பளவு உயரம் என்று அதற்குப் பெயர். கையில் அந்த நீளத்துக்கு வெட்டிய குச்சி இருக்கும். மரத்தைச் சுற்றினால் விட்டத்தையே காட்டும் நாடா உண்டு. பெரிய மரங்களுக்குப் பலகை வேர் ஆள் உயரத்துக்கு மேலே போகும். அப்போது வேர் முடியும் இடத்துக்கு மேலே ஏறி அளக்க வேண்டும். தண்டு நேராக இருக்கிறதா, உள்ளே பொந்தா, கொடி சுற்றியிருக்கிறதா என்பதையும் எழுதுவோம். பெரிய மரத்தோடு நின்றுவிடக் கூடாது. விரல் அளவு கன்றுகள், நாற்றுகள், பிரம்பு, மூங்கில் எல்லாம் உண்டு. முப்பது வருடம் கழித்து என்ன இருக்கும் என்பதைச் சொல்வது அந்தக் கன்றுகள்தான்.

மரத்தின் பெயர் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். இலை நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பட்டையில் பாராங் கத்தியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்போம். கெருயிங் என்றால் எண்ணெய்ப் பிசின் கசியும், ஜெலுத்தோங் என்றால் வெள்ளைப் பால் வரும். ரெங்காஸ் மரத்தின் சாறு காற்றுப் பட்டதும் கறுக்கும். தோலில் பட்டால் கொப்புளம்தான். எங்கள் குழுவில் ஒராங் அஸ்லி, அதாவது காட்டுப் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் இருந்தார். பட்டையை முகர்ந்தே பெயர் சொல்வார், இலையைப் பறித்துச் சரிபார்த்தால் அது சரியாக இருக்கும். நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் வெறும் 50 ஹெக்டரில் 800-க்கும் அதிகமான மர வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தனை வகையில் தடுமாறாமல் பெயர் சொல்ல எத்தனை வருடப் பழக்கம் வேண்டும், பாருங்கள்.

செயற்கைக்கோள் இருக்கு, டுரோன் இருக்கு. இன்னும் ஏன் அட்டை கடிபட்டு நடக்கணும்?

மேலேயிருந்து பார்த்தால் காடு எங்கே இருக்கிறது, எங்கே அழிந்தது என்பது தெரியும். லேசர் கருவி வைத்த விமானம் என்றால் உயரமும் தெரியும். பச்சைக்குக் கீழே நிற்பது மெராந்தியா கெம்பாஸா, உள்ளே பொந்தா, அடியில் கன்று இருக்கிறதா என்பது தெரியாது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைச் சரிபார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

சரி, எண்ணி முடிச்சாச்சு. எவ்வளவு வெட்டலாம்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

வங்கியில் போட்ட பணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற மரம் முதல், ஒரு வருட வளர்ச்சி வட்டி. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் கரையாது. மரத்துக்கு வட்டி என்பது தடிமன். இங்குள்ள மலைக்காடுகளில் விற்கத்தக்க மரங்கள் வருடத்துக்கு 0.8 முதல் 1 சென்டிமீட்டர் வரை பருக்கும் என்ற கணக்கில்தான் 1978-ல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று 30 சென்டிமீட்டர் விட்டம் உள்ள மரம் 50 ஆக வேண்டும் என்றால் இன்னும் 20 வளர வேண்டும். 0.8 என்று போட்டால் 25 வருடம். அடிபட்டுச் சாகிறவை, மெதுவாக வளர்கிறவைக்குக் கொஞ்சம் சேர்த்து 30 வருடம். அதனால்தான் ஒரு முறை வெட்டிய இடத்துக்கு 30 வருடம் கழித்தே திரும்பி வர வேண்டும் என்ற விதி. உற்பத்திக்கு ஒதுக்கிய காட்டை முப்பது பங்காகப் போட்டு வருடத்துக்கு ஒரு பங்கு என்று நினைத்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

அந்த ஒரு பங்குக்குள்ளும் மொட்டையடிக்க முடியாது. வெட்டுவதற்கு ஓரிரு வருடம் முன்னால் தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. பரப்பில் 10 சதவீதத்தைக் கோடு போட்டு அளப்பார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் தேசியக் கணக்கெடுப்பு நாட்டுக்கு, இது அந்த ஒரு பகுதிக்கு. மெராந்தி, கெருயிங் குடும்பத்து மரம் என்றால் குறைந்தது 50 சென்டிமீட்டர், மற்றவை 45, செங்கால் என்ற மரம் மட்டும் 60. அதற்குக் கீழே தொடக் கூடாது. கணக்கில் மரம் குறைவாகத் தெரிந்தால் இந்த எல்லையை இன்னும் உயர்த்துவார்கள். வெட்டிய பிறகு ஹெக்டருக்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள நல்ல மரம் 32 ஆவது நிற்க வேண்டும், அவைதான் அடுத்த முறைக்கானவை. இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் மறுபடி போய் என்ன மிஞ்சியது என்று அளக்க வேண்டும்.

இந்தக் கணக்கு முழுக்க அந்த 0.8-ஐ நம்பி நிற்கிறது. பல மலைக்காடுகளில் நிரந்தரப் பிளாட்களைத் திரும்பத் திரும்ப அளந்தபோது வளர்ச்சி அதைவிடக் குறைவாக இருந்தது. வருடத்துக்கு 0.5 தான் என்றால் 30 வருடத்தில் மரம் 45-க்குத்தான் வந்திருக்கும், 50-ஐத் தொட்டிருக்காது. அப்போது ஒன்று காத்திருக்க வேண்டும், இல்லை குறைத்து வெட்ட வேண்டும். எண்ணுவது ஏன் நிற்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பழைய அனுமானத்தைப் புது அளவு திருத்த வேண்டும்.

இதை யார் முடிவு பண்றா? கேஎல்லயா, மாநிலத்துலயா?

கோலாலம்பூர், மாநிலம் இரண்டு இடத்திலும். கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் பொறுப்பு. கூட்டரசு கொள்கை வகுக்கும், ஆராய்ச்சி செய்யும், 1984-ன் தேசிய வனச் சட்டம் மாதிரி பொதுவான சட்டம் தரும். ஒவ்வொரு மாநிலமும் உற்பத்திக் காட்டில் வருடத்துக்கு எத்தனை ஹெக்டர் வெட்டலாம் என்ற அளவைத் தேசிய நில மன்றம் ஒதுக்கும். உரிமம் கொடுப்பதும், உரிமைத் தொகையும் பிரீமியமும் வாங்குவதும் மாநிலம்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மரமும் நிலமும் தவிர வேறு பெரிய வருமானம் இல்லாத மாநிலங்கள் உண்டு. காட்டைக் காப்பாற்றினால் தண்ணீரும் வெள்ளத் தடுப்பும் எல்லோருக்கும் கிடைக்கிறது, செலவு அந்த மாநிலத்துக்கு. காட்டைக் காக்கும் மாநிலத்துக்குக் கூட்டரசு பணம் தர வேண்டும் என்று கேட்பவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். கூட்டரசும் அப்படி ஒரு தொகையைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அது இன்னும் பெரிதாக வேண்டும்.

காராக் ஹைவேல ராத்திரி லோரி லோரியா கட்டை போகுதே. இதெல்லாம் கணக்குல உள்ள மரமா?

சட்டப்படி வெட்டிய கட்டை என்றால் அதில் குறி இருக்கும். வெட்ட வேண்டிய மரத்துக்கு முன்கூட்டியே எண் கொடுப்பார்கள். அதே எண் அடிமரத்திலும் கட்டையிலும் இருக்க வேண்டும். காட்டை விட்டு வெளியே வரும்போது சோதனை நிலையத்தில் அளந்து, தொகை கட்டி, லோரிக்குப் போக்குவரத்துச் சீட்டு கொடுப்பார்கள். திருட்டு மரமும் உண்டு. அதனால்தான் 1993-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 10,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 வரைக்கும் சிறையை 20 வருடம் வரைக்கும் உயர்த்தினார்கள்.

ஆனால் திருட்டு மரத்தை விட எனக்குக் கவலை தருவது சட்டப்படியே வரும் இன்னொரு வகைக் கட்டை. நிரந்தரக் காப்புக் காடு, அதாவது ஊத்தான் சிம்பான் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில்தான் மேலே சொன்ன 30 வருடக் கணக்கு. அதற்கு வெளியே உள்ள காட்டைச் செம்பனைக்கோ (எண்ணெய்ப் பனை), வீடமைப்புக்கோ, அணைக்கோ ஒதுக்கினால் அங்கே கணக்கு கிடையாது, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடலாம். அந்தக் கட்டையும் இதே சாலையில், இதே மாதிரிச் சீட்டோடுதான் வரும். சந்தைக்கு மரம் கிடைக்கும். ஆனால் அது வட்டி இல்லை, முதலையே எடுத்து விற்பது. நான்காவது கணக்கெடுப்பில் நான் மூன்று நாள் நடந்து அளந்த ஒரு பிளாட் இருந்தது. சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது செம்பனைக் கன்று வரிசையாக நின்றது. ஜிபிஎஸ் சரியாக அந்த இடத்தைத்தான் காட்டியது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கட்டையை எல்லாம் வெளிநாட்டுக்கு வித்துத்தானே காடு போச்சு?

ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது, குறிப்பாக சபா, சரவாக்கில். 1990-களின் தொடக்கத்தில் நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 40 மில்லியன் கன மீட்டர் கட்டை வெட்டினார்கள். எந்த வளர்ச்சிக் கணக்குக்கும் அடங்காத அளவு அது. பிறகு குறைந்து குறைந்து, 2010-களில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தீபகற்பத்தில் 1985-லேயே கட்டையாக ஏற்றுமதி செய்வதை முழுதாக நிறுத்திவிட்டார்கள், இங்குள்ள சாமில்களுக்கு, அதாவது மரம் அறுக்கும் ஆலைகளுக்கு, வேலை வேண்டும் என்பதற்காக. அதன் மறுபக்கம், நிறைய சாமில்கள் வந்துவிட்டன. ஆலைக்குத் தீனி வேண்டும் என்று காட்டைப் பார்த்தால் தப்பு. காடு இவ்வளவுதான் தரும், அதற்கு ஏற்ற ஆலை போதும் என்றுதான் போக வேண்டும்.

நிலைக்கதவுக்கு செங்கால் கேட்டா இந்த விலை சொல்றீங்களே, ஏன்?

கோயில் கமிட்டியிலிருந்து வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. செங்கால் தீபகற்ப மலேசியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுமே வளரும் மரம். மழையிலும் மண்ணிலும் கிடந்தாலும் பல பத்து வருடம் உழைக்கும், கறையான் எளிதில் தொடாது. அத்தனை உறுதிக்குக் காரணம் அது மிக மெதுவாக வளர்வதுதான். மேலே சொன்ன 0.8 அதற்குப் பொருந்தாது. அதனால்தான் வெட்டும் எல்லையை அதற்கு மட்டும் 60 ஆக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. செங்காலும் மெராந்தியும் இருக்கும் குடும்பத்தில் பல மரங்கள் வருடா வருடம் காய்ப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒரு முறை, சொல்லி வைத்த மாதிரி காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். அந்த விதைகள் விழுந்து முளைப்பதற்குள் பெரிய மரங்களை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு விதை இல்லை. வெட்டும்போது தாய் மரங்களை விட்டுவைப்பது இதற்காகத்தான்.

நிலைக்கு செங்கால்தான் வேண்டும் என்று இல்லை. பாலாவ், மெர்பாவ் இரண்டும் கனமான, நன்றாக உழைக்கும் மரங்கள். கூரைக்குள், வெயில் மழை படாத இடத்துக்கு மருந்து ஏற்றிய கெம்பாஸ் போதும். செங்காலே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களை இடித்த பழைய வீட்டு மரம் விற்கும் இடத்துக்கு நானே அனுப்புகிறேன். ஐம்பது வருடம் உலர்ந்த உத்திரம் புது மரம் மாதிரி வளையாது.

பால்மரத்துல செஞ்ச மேசை நல்லா இருக்குமா? அது விறகுக்குத்தானே எரிப்போம்?

நம் தாத்தா பாட்டி காலத்தில் அப்படித்தான். தோட்டத்தில் வயதான பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெட்டினால் அடுப்புக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கொட்டகைக்கும் போகும். வெட்டிய சில நாளிலேயே நீலக் கறை பிடித்து, வண்டு துளைத்து, பொடி கொட்டும். அதை மாற்றியது உடனே போரான் உப்பில் ஊறவைத்து உலைக் கொட்டகையில் உலர்த்தும் முறை. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இன்று மலேசியாவில் செய்யும் மர நாற்காலி, மேசையில் ஏறக்குறைய 80 சதவீதம் பால்மரம்தான். ஜோகூரில் மூவார் பக்கம் போனால் தெருத் தெருவாக அந்தத் தொழிற்சாலைகள்.

காட்டின் மீது விழுந்திருக்க வேண்டிய சுமையை இத்தனை வருடம் தாங்கியது நம் ஆட்கள் பால் வெட்டிய மரங்கள். 25, 30 வருடம் பால் கொடுத்த பிறகு எப்படியும் வெட்டி மறுநடவு செய்ய வேண்டிய மரம் அது. என் அம்மா பத்து வயதில், பால் பிடிக்கும் மங்கு கழுவின மரங்களும் இப்படி எங்கோ மேசையாக நிற்கலாம்.

இப்போது அதிலும் தட்டுப்பாடு. ஒரு காலத்தில் நாட்டில் 2 மில்லியன் ஹெக்டர் அளவுக்கு இருந்த பால்மரக்காடு, செம்பனைக்கு மாறி மாறி 1.1 மில்லியன் அளவுக்கு வந்துவிட்டது. பால்மரம் குறைந்தால் தொழிற்சாலையின் கண் மறுபடி காட்டுப் பக்கம் திரும்பும்.

அப்ப நிறைய மரம் நட்டா போதுமே? வேகமா வளர்ற மரமா?

நட வேண்டும், சந்தேகமே இல்லை. எங்கே நடுகிறோம் என்பதுதான் கேள்வி. 1982-ல் அகாசியா மங்கியம் நடும் பெரிய திட்டம் வந்தது. வேகமாக வளர்ந்தது, ஆனால் உள்தண்டு அழுகும் நோயால் பல மரங்கள் பலகைக்கு ஆகவில்லை. 2007-ல் அரசு கடன் கொடுத்து 375,000 ஹெக்டர் நடும் திட்டம் தொடங்கியது. பால்மரம், அகாசியா, தேக்கு, பாத்தாய் எல்லாம் அதில் உண்டு.

பழைய ஈய வயலிலோ கைவிட்ட தோட்டத்திலோ நட்டால் எனக்கு மகிழ்ச்சி. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையமே அப்படி வந்ததுதான்: ஈயம் தோண்டிய நிலத்திலும் காய்கறித் தோட்டத்திலும் 1920-களில் நடத் தொடங்கினார்கள், இன்று அது உள்ளே போனால் வெளியே வரத் தோன்றாத காடு. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் நல்ல இயற்கைக் காட்டை மொட்டையடித்துவிட்டு அதே இடத்தில் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டால், நூற்றுக்கணக்கான வகை போய் ஒரு வகை வந்திருக்கிறது. காகிதத்தில் மட்டும் அது இன்னும் காடு. எப்படி என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒருத்தர் 54 சதவீதம் காடுங்கிறார், இன்னொருத்தர் 58ங்கிறார், இணையத்துல பார்த்தா எல்லாம் சிவப்பா அழிஞ்சு கிடக்கு. யார் பொய் சொல்றா?

பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. காடு என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். ஐநா உணவு, விவசாய அமைப்பின் கணக்கில் அரை ஹெக்டருக்கு மேல் நிலம், 5 மீட்டர் உயரம் வளரும் மரம், 10 சதவீதத்துக்கு மேல் நிழல் இருந்தால் அது காடு. பால்மரக்காடு அதில் சேரும், செம்பனை சேராது. அந்த அமைப்பின் 2020 அறிக்கை மலேசியாவுக்கு 19.1 மில்லியன் ஹெக்டர், அதாவது 58 சதவீதம் என்கிறது. பால்மரத்தை விட்டுவிட்டு எண்ணும் அரசுக் கணக்கு 54, 55 பக்கம் நிற்கும்.

இணைய வரைபடத்தில் சிவப்பாகத் தெரிவது மரநிழல் இழப்பு. அது 5 மீட்டருக்கு மேல் உள்ள எல்லாச் செடி கொடி நிழலையும் எடுத்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்தில் பழைய மரத்தை வீழ்த்தி மறுநடவு செய்தாலும் சிவப்பு, பழங்காடு அழிந்தாலும் சிவப்பு. 1992-ல் ரியோ மாநாட்டில் மலேசியா குறைந்தது பாதி நிலத்தைக் காடும் மரமும் மூடியிருக்கும்படி வைத்திருப்போம் என்று வாக்குக் கொடுத்தது. அந்த 'மரமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த முறை யாராவது ஒரு சதவீதம் சொன்னால், எதையெல்லாம் சேர்த்து எண்ணினீர்கள் என்று கேளுங்கள். இயற்கைக் காடு எவ்வளவு, நட்டது எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்கிற கணக்குதான் எனக்கு வேண்டும்.

பலகைல சான்றிதழ் முத்திரை இருந்தா நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம், முத்திரை இல்லாததை விடக் கட்டாயம் மேல். மலேசிய மரச் சான்றளிப்பு மன்றம் 1998-ல் உருவானது, 2001 முதல் அதன் திட்டம் நடக்கிறது, 2009-ல் உலக அளவில் காட்டுச் சான்றுகளை மதிப்பிடும் பிஇஎஃப்சி அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தது. வெளியாள் வந்து காட்டையும் கணக்கையும் சோதிப்பார். காட்டிலிருந்து சாமில், சாமிலிலிருந்து தொழிற்சாலை என்று கை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் தனிச் சான்று வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் கடைசிப் பலகையில் முத்திரை வராது. என் கடைக்கு வரும் சரக்கில் பாதிக்கு முத்திரை இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். சான்றுள்ள காட்டில் வெட்டிய மரமே என்றாலும், நடுவில் இருக்கும் சின்ன சாமில் அந்தச் செலவு செய்யவில்லை.

மாமா, கோலா செப்பாத்தாங் போயி கரி உலையெல்லாம் பார்த்தோம். சதுப்பு மரத்தை வெட்டி எரிக்கிறாங்களே, இது பாவம் இல்லையா?

பினாங்கிலிருந்து வந்த மச்சான் மகள் கேட்டது. நல்ல மனசு இருப்பதால் வந்த கேள்வி. அவளுக்கு நான் சொன்னது: நீ பார்த்தது உலகத்திலேயே அதிக காலம் திட்டம் போட்டுப் பாதுகாக்கப்படும் சதுப்புக் காடுகளில் ஒன்று. பேராக்கின் மாத்தாங்கில் சுமார் 40,000 ஹெக்டர் இருக்கிறது, 1902-லிருந்து கணக்கோடு நடத்தப்படுகிறது. உங்கள் ஊரில் சின்னக் கட்டடங்களுக்கு அடியில் அடிக்கும் பாக்காவ் என்ற சதுப்பு மரக் கம்பு வருவதும் இப்படிப்பட்ட காட்டிலிருந்துதான்.

முறை எளிமையானது, அதனால்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பகுதி முப்பது வருடத்துக்கு ஒரு முறை வெட்டப்படும். இடையில் பதினைந்தாவது வருடம் 1.2 மீட்டர் குச்சியோடு போவார்கள். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுற்றி அந்தக் குச்சி எட்டும் தூரத்தில் உள்ளதை எல்லாம் எடுத்துவிடுவார்கள். இருபதாவது வருடம் 1.8 மீட்டர் குச்சி. எடுத்தவை கம்பாகும், நின்றவை பருக்கும். முப்பதில் வெட்டி உலைக்கு. ஓர் உலையில் 40 டன் பச்சை மரம் வைத்தால் சுமார் ஒரு மாதம் கழித்து 10 டன் கரி. பிறகு அந்த இடத்தில் நாற்று முளைத்ததா என்று பார்த்து, இல்லையென்றால் நடுவார்கள்.

குறை இல்லாத காடு இல்லை. பல வகை மரம் இருந்த இடத்தில் பெரும்பாலும் பாக்காவ் மட்டும் நிற்பது ஒரு குறைதான். ஆனாலும் நூற்றிருபது வருடம் கழித்தும் அங்கே காடு நிற்கிறது. கரையோரத்தில் எத்தனை சதுப்புக் காடுகள் இறால் குளமாகவும் வீடமைப்பாகவும் போனது என்று பார்த்தால் அதன் அருமை தெரியும்.

இந்த வம்பே வேணாம், அலுமினியக் கதவு, பிளாஸ்டிக் பலகைன்னு மாறிட்டா காடு தப்பிச்சிடும்ல?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படி யோசித்தேன். ஆனால் லோரிக் கட்டையைப் பற்றிய பதிலைத் திரும்பப் படியுங்கள். காடு போவதற்குப் பெரிய காரணம் நிலம் வேறு பயிருக்கு மாறுவது. மாநில அரசின் கணக்கில், மரத்தால் வருமானமே வராத காடு என்றால் அந்த நிலத்தைச் செம்பனைக்குக் கொடுக்கச் சொல்பவரின் குரல்தான் உயரும். அளவாக வெட்டி, நல்ல விலைக்கு விற்று, முப்பது வருடம் காத்திருக்கும் காட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு அந்த வருமானம்தான். அலுமினியம் உருக்கவும் பிளாஸ்டிக் செய்யவும் ஆகும் எரிபொருளும் பூமியிலிருந்து வருவதுதானே.

அதே நேரம், எல்லாக் காட்டையும் மரத்துக்காக வைத்திருக்கக் கூடாது. நீர்ப்பிடிப்பு மலைகள், செங்குத்துச் சரிவுகள், 1,000 மீட்டருக்கு மேலே உள்ளவை தொடாமல் இருக்க வேண்டும். கேஎல் டவர் அடியில் இருக்கும் புக்கிட் நானாஸ் 1906-லிருந்து காப்புக் காடு. பத்து ஹெக்டர் அளவுதான். அங்கே ஒரு மரம் வெட்டச் சொன்னால் நானே போய் குறுக்கே நிற்பேன்.

பையன் ஃபார்ம் ஃபைவ் முடிக்கப் போறான். இந்த வேலைக்குப் படிக்கலாமா?

தாராளமாக. செர்டாங்கில் யுபிஎம், சபாவில் யுஎம்எஸ் இரண்டு பல்கலைக்கழகத்திலும் வனவியல் பட்டப்படிப்பு உண்டு. நம் பிள்ளைகள் இதில் ரொம்பக் குறைவு. கணக்கும் உயிரியலும் பிடித்த, மழையில் நனையத் தயங்காத பிள்ளை என்றால் அனுப்புங்கள். முதலில் ஒரு சனிக்கிழமை கெப்போங்குக்குக் கூட்டிப் போய் நடக்க விடுங்கள், பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியா ஒண்ணு. வீட்டுக்கு மூணு கதவு, ஒரு சாப்பாட்டு மேசை வேணும். உங்க கடைல என்ன கேக்கணும்?

வெளிக்கதவு நிலைக்கு மெர்பாவ் அல்லது பாலாவ் கேளுங்கள். உள்கதவுக்கு மெராந்தியோ ஞாத்தோவோ போதும். மேசைக்குப் பால்மரம். எங்கள் கடையானாலும் வேறு கடையானாலும், இந்த மரம் எந்த சாமிலிலிருந்து வந்தது, ரசீது இருக்கிறதா, சான்று எண் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர் அடுத்த முறை தெரிந்து வைத்திருப்பார். அளவை முதலில் சரியாக எடுத்துக்கொண்டு வாருங்கள், நிலையின் உயரம், அகலம், சுவரின் கனம் மூன்றும். அரை அடி கூடுதலாக வாங்கி, துண்டை வெட்டி எறிந்தால் எனக்கு மனசு கேட்காது.